ஒயின் இல்லாத ஒயின் சுற்றுலா

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒயின் சுற்றுலா நடக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு நாம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொள்வார்கள்.

நிஜமாகவே நடந்தது. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகிற ரோட்டில், எங்கள் ஊரைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது அந்த இரும்புக் கேட். உள்ளே மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல், வெள்ளையடித்த இத்தாலி வளைவு, தண்ணீர் வராத நீரூற்று. பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல் மூடியபோது ஏலத்தில் எடுத்த இரண்டு மரப்பீப்பாய்கள். காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ் நாற்பது. பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத் தனி விளக்கு. ஒயின் மட்டும் இல்லை. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. பொண்ணும் மாப்பிள்ளையும் வராத ரிசப்ஷன் மாதிரி, பந்தி நன்றாகவே நடந்தது.

ஒயின் ஏன் இல்லை என்றால், லைசென்ஸ் இல்லை. அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான். சங்கராபுரத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பதால் தாலுகாவின் ஆசைகள் பாதி என் விரல் வழியாகத்தான் போகின்றன. விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்து, மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துபோன வருஷத்துக்கு அடுத்த வருஷம் போட்ட விண்ணப்பம் அது. கள்ளக்குறிச்சி என்ற சொல்லும் மது என்ற சொல்லும் ஒரே வரியில் வருகிற கோப்பில் யாருக்குக் கையெழுத்துப் போடக் கை வரும்? யாரும் மறுக்கவில்லை. யாரும் தொடவும் இல்லை. பதினாலு மாதம் அது மேசை மேசையாக ஊர்சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையில் சுற்றுலா போனது அந்தக் கோப்புதான்.

விண்ணப்பம் போட்டவர் ஜெயப்பிரகாஷ். கள்ளக்குறிச்சியில் அரிசி மில் வைத்திருக்கிறார். பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிற ஐரோப்பா டூரில் போனபோது, பஸ் பழுதாகி ஒரு திராட்சைத் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தினார்களாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஏழு நாட்டையும் மறந்துவிட்டு, நின்றுபோன இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒயின் வரும்போது வரட்டும், டூரு ஓடட்டும் என்று ஆரம்பித்தும்விட்டார். ஒயினுக்குப் பதில் சொந்தத் தோட்டத்துத் திராட்சை ஜூஸ். பிரிசர்வேடிவ் கிடையாது, எல்லாம் இயற்கை என்று பலகையில் எழுதியிருந்தார். அந்த ஜூஸை ஒயின் மாதிரி கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, உறிஞ்சிக் குடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் சவரிமுத்து. வயது முப்பத்தெட்டு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

சவரிமுத்து பத்தொன்பது வயதில் கரும்பு வெட்டப் போன கூட்டத்தோடு மகாராஷ்டிரா போனவர். கரும்பு முடிந்ததும் கூட்டம் திரும்பியது. இவர் நாசிக்கில் திராட்சை வெட்ட நின்றுவிட்டார். மூன்றாம் வருஷம், ஒயின் புளிக்கிற தொட்டிகளைக் கழுவப் போன இடத்தில், ஒரு தொட்டியின் பக்கம் நின்று மூக்கைச் சுளித்து, இதில் சைக்கிள் ட்யூப் எரிகிற வாடை வருகிறதே என்று சொல்லியிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து பரிசோதனை செய்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் பெரிய வார்த்தையில். அன்றிலிருந்து அவருடைய மூக்குக்குத் தனிச் சம்பளம். தோட்டத்திலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டையிலிருந்து டேஸ்டிங் ரூம். வருகிற டூரிஸ்டுகளுக்கு எப்படி முகர்வது, எப்படிக் குடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை.

அவர் முகர்ந்துவிட்டு நாவல் பழம் என்பார், புது மண்பானை என்பார், மழை விட்ட பிறகு மாட்டுக்கொட்டகை என்பார். மேனேஜர் அதையெல்லாம் இங்கிலீஷ் பழங்களாக மாற்றி அட்டையில் அச்சடிப்பார். பிறகு அந்த அட்டையை சவரிமுத்துவே மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். பிளாக் கரண்ட் என்று ஒரு பழத்தின் பெயரைப் பத்து வருஷம் ஒரு நாளைக்கு எட்டு தடவை சொல்லியிருக்கிறார். அது சிவப்பா கறுப்பா, மரத்தில் காய்ப்பதா கொடியில் காய்ப்பதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

குடிக்கவும் மாட்டார். வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுவார். அந்தத் தொழிலில் அப்படித்தான் செய்வார்கள். அப்பா குடித்துத் தீர்த்த பங்கு மூன்று தலைமுறைக்குப் போதும் என்பது அவருடைய எண்ணம். ஒருமுறை பங்குச் சாமியார், பூசைக்கு வருகிற திராட்சை ரசம் எப்படி என்று விளையாட்டாகக் கேட்டார். இனிப்பு ஜாஸ்தி ஃபாதர், மூடியைச் சரியா மூடலைன்னு நெனைக்கிறேன் என்று இவர் நிஜமாகவே பதில் சொல்ல, பக்கத்தில் நின்ற மனைவி இடுப்பில் கிள்ளியது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது.

மனைவி உபகாரமேரி. எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை என்றுதான் சொன்னார்கள். பொய் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி நாலாம் மாதம் அவர் போனில் அனுப்பிய போட்டோவில் பின்னால் முந்நூறு பாட்டில் அடுக்கியிருந்ததைப் பார்த்துத்தான் மேரிக்கு மிச்சம் புரிந்தது. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர் வந்து பையை இறக்கியதும், சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால் மேரி அவர் வாயை மோந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்தார். ஒரு தடவைகூட சாராய வாடை இல்லை. மரக்கடை வாடை அடிக்குது என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பீப்பாயில் வைத்த ஒயினைப் பற்றி நாசிக்கில் வெள்ளைக்காரர்கள் அரைமணி நேரம் பேசிச் சொன்னதும் அதுதான்.

பிறகு அந்த வருஷம் வந்தது. எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. ஆனால் இரண்டு ஊர் தள்ளி இழவு வீடுகளுக்குப் போய்விட்டு வந்த பெண்கள், மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். குழுத் தலைவி சாலம்மாள் சொல்ல, உபகாரமேரி நோட்டில் எழுதினார். அன்று முதல் எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் பொழுது சாய்ந்து வந்தால் வாசற்படியில் நின்று ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாடை வந்தால் அன்றைக்கு ஆட்டுக் கொட்டகை. ஆடு இல்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டு ஆடு. விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. எழுபது வயது ஆளும் பல் இல்லாத வாயால் ஊதினார். நானும் அம்மா முன்னால் ஊதித்தான் உள்ளே போகிறேன். கவிதைப் புத்தகம் படிக்கிற பையன் என்பதால் என் மேல் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தத் தீர்மானத்தை எழுதிய கையோடு மேரி நாசிக்குக்கு போன் போட்டார். பொண்ணு ஜெனிபர் ஆறாவது போகிறாள், அப்பா என்றால் போன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அதோடு, சேதி பேச்சில் நின்றுவிடாமல் இருக்க, ஒன்று சொன்னார்.

"இங்க எந்த வேலையா இருந்தாலும் சரிங்க. வந்துடுங்க. வந்துட்டு இன்னொரு தடவ அந்த ரயில் ஏறினீங்கன்னா, அங்கயே இருந்துக்குங்க."

ஜெயப்பிரகாஷுக்கு ஆள் தேவைப்பட்டதும், சவரிமுத்து ஊர் திரும்ப ஒரு வேலை தேவைப்பட்டதும் இப்படித்தான் சேர்ந்தன. ஒயின் தெரிந்தவனுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வேறு வேலை எங்கே? இந்த இடம் போனால் ரயில்தான். அது அவருக்குத் தெரியும், மேரிக்குத் தெரியும், ஜெயப்பிரகாஷுக்கும் தெரியும். சம்பளம் நாசிக்கில் வாங்கியதில் பாதி. ஆனால் பலகையில் 'ஒயின் ஆலோசகர்' என்று போட்டார்கள். நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

டூர் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நன்றாகவே ஓடியது. சென்னைக்காரர்கள் தொப்பி போட்டு வந்தார்கள். பந்தலுக்குக் கீழே நின்று மலையைப் பார்த்து மூச்சை இழுத்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்கள் வேறு மாதிரி வந்தார்கள். அவர்கள் பையில் அவித்த வேர்க்கடலை, மாங்காய் ஊறுகாய், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட் எல்லாம் இருந்தன. ஜூஸ் என்று தெரிந்ததும் முதலில் வீரமணி என்ற பைனான்ஸ்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு ஊறுகாயை வீணாக்க மனமில்லாமல் ஜூஸுக்கே தொட்டுக்கொண்டார். சவரிமுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னார். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள். சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சுழற்றுங்கள். மூக்கை உள்ளே விடுங்கள். முதலில் நாவல் பழம் வரும், பிறகு ஏலக்காய், கடைசியில் ஈரமண். வாயில் வைத்து உருட்டித் துப்பியும் காட்டுவார். ஜூஸைத் துப்ப வேண்டிய அவசியம் இல்லை. கை, வாய், உடம்பு எல்லாம் பழகிப்போயிருந்தன.

கெட்டதும் அந்தப் பழக்கத்தால்தான். முதல் மாதம் அவர் நிஜமாகவே முகர்ந்துவிட்டுச் சொன்னார். இரண்டாம் மாதம், ஜூஸில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று, முகர்வதற்கு முன்பே சொன்னார். அதற்கப்புறம் சொல்லி முடித்துவிட்டு முகர்ந்தார். மூக்கு வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். இந்தச் சித்திரையில் ஒரு சென்னைப் பெண், குடித்தால் நாக்கில் சுர்ரென்று இருக்கிறதே என்றார். மலைக்காற்றுங்க மேடம், இந்த மண்ணோட குணம் அது என்றார் சவரிமுத்து, கொஞ்சமும் யோசிக்காமல். இன்னொருவர், மேலே நுரை நிற்கிறதே என்றார். தரமான ஜூஸுக்கு அதுதான் அடையாளம் என்றார். வீரமணி மூன்றாவது தடவை குடும்பத்தோடு வந்து, வரவர உங்க ஜூஸு ஜோரா இருக்குது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அது ஒரு புதன்கிழமை. எந்த விடுமுறை என்று தெரியாமல் ஒரு பஸ் கூட்டம் வந்து போனது. வழக்கமாக ஒரு தடவையோடு விடுகிற சவரிமுத்து, அன்றைக்கு ஆறு தடவை உருட்டித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். வாசற்படியில் நின்று வழக்கம்போல ஊதினார். மேரி உள்ளே திரும்பப் போனவர் நின்றார்.

"இன்னொரு தடவ ஊதுங்க."

ஊதினார்.

"இன்னா குடிச்சீங்க?"

"ஜூஸுதான் மேரி. அதையும் துப்பிட்டேன்."

"ஜூஸு எனக்குத் தெரியாதா? இது ஜூஸு இல்ல. பொங்கிக்கினு இருக்கிற எதுவோ."

அவர் எவ்வளவோ சொன்னார். பதினெட்டு வருஷ அனுபவத்தை எடுத்துச் சொன்னார். சர்டிபிகேட் பிரேம் போட்டு உள்ளே சுவரில் மாட்டியிருப்பதைச் சொன்னார். மேரி தீர்மான நோட்டைச் சொன்னார். அவரே எழுதிய தீர்மானம் என்பதால் எழுத்து நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நாசிக்கில் முதல் தர டேஸ்டர் என்று பெயர் வாங்கியவர், ஜெனிபர் கொண்டுவந்து கொடுத்த போர்வையோடு ஆட்டுக் கொட்டகையில் படுத்தார். ஜெனிபருக்கு மட்டும் சந்தோஷம். அவள் ஆட்டுக்குட்டியைக் காட்டிப் பெயரெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் சவரிமுத்து கோபத்தோடுதான் தோட்டத்துக்குப் போனார், பொண்டாட்டிக்கு மூக்கு கெட்டுவிட்டது என்று நிரூபிக்க. ஜூஸ் வைத்திருந்த குளிர் அறையின் கதவைத் திறந்தார். அறை குளிரவில்லை. மாசியில் பிழிந்த ஜூஸில் மிச்சம், இருநூறு லிட்டர் டிரம் மூன்று. பங்குனிக் கடைசியிலிருந்து கரண்ட் பில் ஜாஸ்தி என்று ஜெயப்பிரகாஷ் பகலில் ஏசியை நிறுத்தச் சொல்லியிருந்தார். அதை இவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு டிரம்மின் மூடியைத் திருகியதும் புஸ் என்று மூச்சு விட்டது. உள்ளே மெல்ல நுரைத்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, சொல்வதற்கு முன்பு முகர்ந்தார்.

புளித்துக்கொண்டிருந்தது. யாரும் செய்யாமலே, லைசென்ஸ் கேட்காமலே, ஒயின் தானாகப் பாதி தூரம் நடந்து வந்திருந்தது.

ஜெயப்பிரகாஷுக்கு போன் போட்டார். அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தது சவரிமுத்துவின் தவறு.

"அப்ப ஒயினு ஆயிடுச்சின்ற?"

"இன்னும் ஆவல சார். பாதி வழியில நிக்குது. கொட்டிடணும்."

"லைசென்ஸும் பாதி வழியிலதான் நிக்குது. ரெண்டும் ஒண்ணா வந்து சேரட்டுமே."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சென்னை கம்பெனி ஒன்றிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். புது ஜூஸ் பிழிய இப்போது பழம் கிடையாது. திங்கட்கிழமை லைசென்ஸுக்கான அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறார். பதினாலு மாதத்தில் முதல் தடவையாகக் கோப்பை ஒருவர் திறந்திருக்கிறார். ஆகவே ஞாயிறு வரை ஓட்டு, திங்கள் விடியற்காலையில் கொட்டிவிடு. குடித்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள். கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டார்: "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு சவரி. நாசிக்குக்கு நானே டிக்கெட் போட்டுத் தரேன்."

அதைக் குடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று சவரிமுத்துவுக்குத் தெரியும். பழைய சோற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவே. ஆனால் இந்த மாவட்டத்தில், இந்த மலையடிவாரத்தில், ஜூஸ் என்று பலகை வைத்துப் புளித்ததைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று யாரிடம் சொல்வது? அதற்கு முன்னால் எத்தனை பேர் அதையே சொல்லி விற்றிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. நேற்று வரை தெரியாமல் ஊதினார். இனி தெரிந்து ஊத வேண்டும். அந்த மூக்குக்கு முன்னால்.

வியாழனும் வெள்ளியும் யோசித்தார். கொட்டினால் ரயில், கொட்டாவிட்டால் ஆட்டுக் கொட்டகை, தினமும். இரண்டு நாளும் ஜூஸைத் தொடவில்லை, ஊதியபோது ஒன்றும் வரவில்லை. மேரியும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை டூர் இல்லை. ஞாயிறுக்காகத் தோட்டத்தைக் கழுவச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயிலில் காக்காய்கூட இல்லாத நேரத்தில், சவரிமுத்து மூன்று டிரம்மிலும் ஓஸ் பைப்பை மாட்டி, பந்தலுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் திறந்துவிட்டார். சத்தமில்லாமல் முடிந்துவிடும், டிரம் ஓட்டையாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். உலகத்து வாசனைகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர், அறுநூறு லிட்டர் புளித்த ஜூஸை வெயில் காய்ந்த மண்ணில் ஊற்றினால் வாசனை வரும் என்பதை மறந்துவிட்டார். மலைப்பக்கமிருந்து காற்று ஊர்ப்பக்கம் அடித்தது. ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஏரி வரத்துக் கால்வாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. முப்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாலம்மாள்.

சாலம்மாளின் மாமனார் ஒரு காலத்தில் மலையில் சாராயம் காய்ச்சியவர். வெல்லமும் மரப்பட்டையும் போட்டுப் பானையில் புளிக்க வைக்கிற ஊறலுக்கு எத்தனையாவது நாள் என்ன வாடை என்பது, வாழ்க்கைப்பட்ட முதல் வருஷமே அவருக்குப் பாடமாகிவிட்டது. மண்வெட்டியை நிறுத்தி நிமிர்ந்தார். மூணாவது வாரம் என்றார். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு பெண் போலீசுக்கு போன் போட்டாள். மீதிப்பேர் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். மூன்று வாரமாக அது டிரம்மில் இருந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. அதை ஒழித்துக்கட்டுகிற அன்றைக்குத்தான் ஊரே வந்தது.

கேட்டுக்குள் நுழைந்தபோது சவரிமுத்து கையில் ஓஸ் பைப்போடு முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் சாலம்மாள்.

"திராட்ச ஜூஸும்மா. கெட்டுப்போச்சி. ஊத்தறேன்."

"எங்க மாமனாரும் போலீசைப் பாத்தா இதையேதான் சொல்லுவாரு. கழனித்தண்ணிம்மா, ஊத்தறேன்னு."

போலீஸ் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, வளைவையும் தண்ணீர் வராத நீரூற்றையும் பார்த்து, பிறகு வாய்க்காலைப் பார்த்து, இது எந்தத் துறைக்குச் சேரும் என்று புரியாமல் தொப்பியைக் கழற்றினார். சவரிமுத்து நடந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்; ஏசியை, நுரையை, மலைக்காற்று என்று தான் அடித்துவிட்டதை. முதலாளி ஞாயிறு வரை ஓட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. தான் பல மாதமாக முகராமலே பேசியதைச் சொன்னபோது அவருக்குக் குரல் இறங்கியது. போலீசுக்கு அது ஒரு குற்றமாகவே தெரியவில்லை. ஊதச் சொன்னார்கள். மிஷின் பூஜ்யம் காட்டியது.

சாலம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிஷினுக்கு இன்னா தெரியும்? மேரி, நீ பாரு."

அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருந்த உபகாரமேரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். வழி விட்டார்கள். முப்பது மண்வெட்டியும் நாலு போலீசும் பார்க்க, சவரிமுத்து ஊதினார். மேரி கண்ணை மூடி மோந்தார். அவர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். புருஷன், பிள்ளையின் அப்பா, பாதிச் சம்பளமானாலும் வீட்டுக்கு வருகிற சம்பளம்.

"இன்னிக்கு இல்ல," என்றார். "புதங்கெழம இருந்துச்சி."

அதிகாரி பேனாவை எடுத்தார். சவரிமுத்து வாய்க்காலைப் பார்த்தார்.

"அன்னிக்கு இன்னா பண்ண?" என்று கேட்டார் சாலம்மாள்.

"ஆட்டுக் கொட்டாயிலதான் படுத்தாரு. கொசு புடுங்கிடுச்சி, பாருங்க."

சவரிமுத்து கையைத் திருப்பிக் காட்டினார். தடிப்புகள் இருந்தன. முதலில் ஒரு பெண்தான் சிரித்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அறுநூறு லிட்டருக்கு நடுவில் நின்று, துப்பிய மடக்குக்காக ஆட்டோடு படுத்த ஆளைத் திருடன் என்று நினைப்பது யாருக்கும் கஷ்டம்தான். சாலம்மாள் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புதன்கிழமையை ஒளிக்காத பொம்பளை சனிக்கிழமையை மட்டுமா ஒளிக்கப் போகிறாள் என்று அதிகாரியிடமே கேட்டார்.  அதிகாரி இன்னொரு பிரச்சினையில் இருந்தார்: படிவத்தில் திராட்சைக்கு இடமில்லை. ஊறல் என்ற ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் அறுநூறு லிட்டர் என்றும், அழிக்கப்பட்டது என்றும் எழுதினார். பிறகு எல்லாரையும் காலி டிரம்மைச் சுற்றி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஓஸ் பைப் பிடித்திருந்தவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், போட்டோவில் வராதபடிக்கு.

போட்டோ முடிகிற நேரத்தில் ஜெயப்பிரகாஷ் காரில் வந்து இறங்கினார். ஒரு நிமிஷம் நின்று காற்றை மோந்தார். அவருக்கும் மூக்கு உண்டு. சரியான நேரத்தில் வேலை செய்கிற மூக்கு.

"நான்தான் சார் கொட்டச் சொன்னேன்," என்றார் அதிகாரியிடம். "ஜனங்க உயிர் சார்."

ஜீப் போனதும் சவரிமுத்துவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

பதினாலு மாதம் ஊர்சுற்றிய கோப்பு, நாலே நாளில் முடிவோடு வந்து சேர்ந்தது. நிராகரிக்கப்பட்டது என்ற கடிதத்தை ஜெயப்பிரகாஷ் என் கடையில்தான் மூன்று காப்பி எடுத்தார். எதற்கு மூன்று என்று நான் கேட்கவில்லை. டூர் நின்றது. நாற்பது பேரும் ஏற்காடு போனார்கள். பீப்பாய்கள் இரண்டும் இப்போது அரிசி மில் வாசலில் இருக்கின்றன. ஒன்றில் துளசி, ஒன்றில் குரோட்டன்ஸ்.

ஆனால் கொடிக்கு லைசென்ஸ் நிராகரிக்கப்பட்டது தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்தது. மூன்றாம் வாரம் இலையில் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. ஜெயப்பிரகாஷ் கரும்பு வெட்டுகிற ஆட்களைக் கூட்டிவந்து கவாத்து வெட்டச் சொன்னார். அவர்கள் கரும்பை வெட்டுகிற மாதிரியே வெட்ட, ஒரு வரிசை மொட்டையாக நின்றது. மறுநாள் காலையில் சவரிமுத்து வீட்டுக்கு ஆள் வந்தது. மாசச் சம்பளம் இல்லை, பலகையில் பெயர் இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை. தினக்கூலிக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரமுடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். பத்தொன்பது வயதில் நாசிக்கில் எந்த வேலையில் ஆரம்பித்தாரோ அந்த வேலை. முன்னேற்றம் வட்டமாகவும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சவரிமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அதே வாரம் நாசிக்கிலிருந்து பழைய மேனேஜர் கூப்பிட்டார். புது டேஸ்டிங் ரூம் திறக்கிறார்கள், பழைய சம்பளத்தைவிட ஜாஸ்தி, தங்க அறையும் தருகிறார்கள். சவரிமுத்து போன் பேட்டரி மாற்ற என் கடைக்கு வந்திருந்த சமயம் அது; மேரியும் கூட இருந்தார், ஜெனிபரின் சாதிச் சான்றிதழுக்கு. சவரிமுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே இந்தியில் பேசினார். நடந்துகொண்டே பேசினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரை போய்த் திரும்பி வந்தும் பேசிக்கொண்டே இருந்தார். மேரி சான்றிதழ் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, எழுதாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே வந்தார்.

"இன்னா சொன்னீங்க?"

"வர முடியாதுன்னு சொன்னேன்."

"அதுக்கு இருவது நிமிஷம் இந்தியில பேசணுமா?"

சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் பழம் எப்பிடி எறங்கியிருக்குன்னு கேட்டேன். நல்லா எறங்கியிருக்காம்."

மேரி படிவத்தைப் பார்த்துக் குனிந்து, விவசாயக் கூலி என்று அழுத்தமாக எழுதினார்.